ஒரு கையால் ஓட்ட ஒரு வண்டி

ஜப்பான் ராணுவத்திடம் ஆறாம் எண் வயர்லெஸ் பெட்டி என்று ஒன்று இருந்தது. அதற்கு மின்சாரம் தர ஒரு ஜெனரேட்டர், அந்த ஜெனரேட்டரைச் சுற்ற கைக்கு அடக்கமான ஒரு பெட்ரோல் எஞ்சின். 1945 ஆகஸ்டில் போர் முடிந்தது. ராணுவம் கலைந்தது, வயர்லெஸ் பெட்டிக்கு வேலை போயிற்று, எஞ்சின்கள் மட்டும் கேட்பாரற்றுக் கிடந்தன. அடுத்த ஆண்டு ஹமமட்சு நகரத்தில் ஒரு மனிதர் அப்படி ஒன்றை நண்பர் வீட்டில் பார்த்தார். இதைச் சைக்கிளில் பூட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அவர் பெயர் சொய்ச்சிரோ ஹோண்டா. வயது 39.

அதற்குள் அவர் வாழ்க்கை நிறையப் பார்த்துவிட்டது. அப்பா கொல்லர், சைக்கிளும் பழுது பார்ப்பவர். பையன் 1922ல் டோக்கியோவுக்குப் போய் ஆர்ட் ஷோக்காய் என்ற கார் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தான். ஆறு ஆண்டு தொழில் கற்று, முதலாளியின் பெயரிலேயே ஹமமட்சுவில் கிளை திறந்தான். 1936ல் டோக்கியோவை ஒட்டிய தாமா ஆற்றங்கரைப் பந்தயத் தடத்தில் காரோடு உருண்டு எலும்பு முறிந்து பிழைத்தான். பிறகு பிஸ்டன் ரிங் செய்யும் தொழிற்சாலை. செய்த ரிங்குகள் தேறவில்லை. உலோகத்தைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று புரிந்ததும், முதலாளியாக இருந்துகொண்டே ஹமமட்சு தொழில்நுட்பக் கல்லூரியில் போய் உட்கார்ந்து கற்றார். போரில் குண்டு விழுந்தது. 1945 ஜனவரியில் நிலநடுக்கம் வந்து மிச்சத்தையும் சாய்த்தது. இருந்ததை டொயோட்டாவிடம் நாலரை லட்சம் யென்னுக்கு விற்றுவிட்டு ஓராண்டு ஒரு வேலையும் செய்யாமல் இருந்தார்.

அப்போது ஜப்பானில் அரிசி கிடைப்பதே பாடு. நகரத்துப் பெண்கள் கிராமம் கிராமமாகச் சைக்கிள் மிதித்துப் போய் உணவு தேடி வாங்கிவர வேண்டியிருந்தது. ஹோண்டாவின் மனைவி சச்சியும் அப்படித்தான் மிதித்துக்கொண்டிருந்தார். எஞ்சினைச் சைக்கிளில் பூட்டும் யோசனைக்கு அந்தப் பாடும் ஒரு காரணம். முதல் மாதிரிக்குப் பெட்ரோல் டேங்க் வேண்டுமே! குளிர்காலத்தில் வெந்நீர் ஊற்றிப் படுக்கைக்குள் வைத்துக்கொள்ளும் தகரக் குடுவைதான் டேங்க் ஆயிற்று. பெட்ரோல் ரேஷனில் இருந்த காலம் என்பதால் பைன் மர வேரிலிருந்து வடித்த எண்ணெயையும் கலந்து ஓட்டினார்கள்.

ஓட்டிப் பார்க்கச் சொன்னது சச்சியை. ஜனம் நடமாடும் பெரிய வீதியில் ஒரு பெண் ஓட்டினால் நாலு பேர் பார்ப்பார்கள் என்பது கணக்கு. நாலு பேர் பார்க்கும் இடமாயிற்றே என்று அவரும் தன்னிடம் இருந்ததிலேயே நல்ல காற்சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியபோது அந்த உடுப்பு எண்ணெயில் ஊறியிருந்தது. கார்புரேட்டர் எரிபொருளைப் பின்பக்கமாகக் கக்கியிருக்கிறது. இப்படி விற்றால் வாங்கியவர்கள் திட்டுவார்கள் என்று சச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரிசெய்த பிறகே வண்டி வெளியே போயிற்று.

ஹோண்டாவின் எந்த வண்டியைப் பற்றிப் பேசினாலும் எனக்கு இந்த எண்ணெய்க் கறைதான் முதலில் ஞாபகம் வருகிறது. அந்தக் கம்பெனியின் தலைசிறந்த வண்டியில் இருக்கிற எல்லாமே, இதைப் போல யாரோ ஒருவருடைய சங்கடத்துக்குச் சொன்ன பதில்தான். அந்த வண்டி பிறக்க இன்னும் 12 ஆண்டு இருந்தது.

ராணுவ எஞ்சின்கள் ஏறக்குறைய 500தான். தீர்ந்ததும் சொந்தமாகச் செய்யத் தொடங்கினார்கள். 1948 செப்டம்பர் 24ல் ஹோண்டா மோட்டார் கம்பெனி பதிவானது; மூலதனம் 10 லட்சம் யென். மறு ஆண்டு ‘ட்ரீம்’ என்ற பெயரில் முதல் முழு மோட்டார் சைக்கிள். அதே 1949 அக்டோபரில் தக்கேயோ ஃபுஜிசவா வந்து சேர்ந்தார்.

ஹோண்டா என்றால் ஒரே ஆள் என்று உலகம் நினைக்கிறது. பாதிக் கம்பெனி ஃபுஜிசவா. டோக்கியோக்காரர், ஹோண்டாவுக்கு நாலு வயது இளையவர், வியாபாரி. எஞ்சின் வரைபடம் அவருக்குப் படிக்க வராது; கணக்கு வழக்கு ஹோண்டாவுக்கு ஏறாது. கம்பெனி முத்திரையையே ஹோண்டா அவரிடம் கொடுத்துவிட்டார். பணத்தில் நீங்கள் தலையிட வேண்டாம், பட்டறையில் நான் தலையிட மாட்டேன் என்பது ஏற்பாடு. 1973ல் இருவரும் ஒரே சமயத்தில் ஓய்வு பெறும்வரை இது நிலைத்தது.

ஃபுஜிசவா எப்படிப்பட்ட வியாபாரி என்று காட்ட 1952 போதும். அந்த ஆண்டு ‘கப்’ என்ற பெயரில் சைக்கிளில் பூட்டும் 50 சிசி எஞ்சின் தயாரானது. வெள்ளை டேங்க், சிவப்பு எஞ்சின், எடை ஆறு கிலோ சுமார். விற்கக் கடை இல்லை. மோட்டார் சைக்கிள் டீலர்கள் எல்லோரும் மற்றவர்கள் கையில். அவர் நாடு முழுக்க இருந்த 50,000க்கு மேற்பட்ட சைக்கிள் கடைகளுக்குத் தபால் எழுதினார். ரஷ்யாவுடன் நடந்த போருக்குப் பிறகு உங்கள் முன்னோர் துணிந்து வெளிநாட்டுச் சைக்கிளை விற்கத் தொடங்கினார்கள், அதுதான் இன்று உங்கள் தொழில், இப்போது ஜனம் எஞ்சின் கேட்கிறது, விற்கிறீர்களா என்பது கடிதத்தின் சாரம். ஏறக்குறைய 30,000 கடைகள் ஆமென்று பதில் எழுதின. அடுத்த கடிதத்தில் விலை: சில்லறை 25,000 யென், உங்களுக்கு 19,000, பணத்தை முன்னால் அனுப்புங்கள். முன்பின் தெரியாத கம்பெனிக்கு எப்படிப் பணம் அனுப்புவது என்று கடைக்காரர் தயங்குவார் அல்லவா? வங்கிக் கிளை மேலாளரைக் கொண்டும் ஒரு கடிதம் எழுத வைத்தார். பணம் வந்தது. எஞ்சினை அட்டைப்பெட்டியில் கட்டி அனுப்பினார்கள். இன்று எந்த ஊர் விற்பனைப் பாடத்திலும் வைக்கலாம் இதை.

அதே சமயம் கம்பெனி மயிரிழையில் பிழைத்ததும் உண்டு. மூலதனம் 60 லட்சம் யென்னாக இருந்தபோது 45 கோடி யென்னுக்கு அமெரிக்க, ஐரோப்பிய இயந்திரங்களுக்கு ஆர்டர் கொடுத்தார் ஹோண்டா. கொரியப் போர் முடிந்து சந்தை படுத்தது. 1954ல் ‘கப்’ எஞ்சினுக்கு மவுசு குறைந்தது. புதிதாகக் கொண்டுவந்த ஜூனோ ஸ்கூட்டர், பிளாஸ்டிக்கில் கண்ணாடி இழை சேர்த்துச் செய்த உடம்போடு பார்க்க அழகாக இருந்தது. ஆனால் கனம், சூடு, விலை மூன்றும் அதிகம். 6,000கூட விற்கவில்லை. மிட்சுபிஷி வங்கி கைவிடாததால் கம்பெனி மூழ்கவில்லை. அந்த நெருக்கடியின் நடுவில்தான், இங்கிலாந்துக்குப் பக்கத்தில் ஐல் ஆஃப் மேன் தீவில் நடக்கும் டிடி பந்தயத்தில் கலந்து ஜெயிப்போம் என்று ஹோண்டா அறிக்கை விட்டார். கடன்காரன் வாசலில் நிற்கும்போது உலகக் கோப்பை பேசுகிற தைரியம் அது. 1959ல் போனார்கள்; 125 சிசி பிரிவில் ஆறாம் இடமும் குழுப் பரிசும் கிடைத்தன. 1961ல் 125, 250 இரண்டு பிரிவிலும் முதல் ஐந்து இடங்களை வாரிக்கொண்டார்கள்.

பந்தயக் கதை புகழ்பெற்றது, படிக்கவும் விறுவிறுப்பானது. ஆனாலும் ஹோண்டாவுக்கு ஊர் ஊராக நல்ல பேர் வாங்கிக் கொடுத்தது பந்தய வண்டி இல்லை. காய்கறி ஏற்றிய வண்டி, தபால் சுமந்த வண்டி, ஆசிரியை பள்ளிக்கூடம் போன வண்டி.

1956 கடைசியில் ஹோண்டாவும் ஃபுஜிசவாவும் ஜெர்மனி, இத்தாலி பக்கம் சுற்றுப்பயணம் போனார்கள். விமானத்திலேயே ஃபுஜிசவா ஆரம்பித்துவிட்டார்: பெரிய வண்டி இருக்கிறது, ஆனால் கம்பெனியைத் தாங்க ஒரு சின்ன வண்டி வேண்டும்; நீங்கள் செய்து தராவிட்டால் நமக்கு வளர்ச்சி இல்லை. ஐரோப்பியக் கடைகளில் கிரைட்லர் மொபெட்டையும் லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரையும் காட்டி இது எப்படி, அது எப்படி என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஹோண்டா எல்லாவற்றுக்கும் உதட்டைப் பிதுக்கினார்.

அவர் பிதுக்கியதில் நியாயம் இருந்தது. அதே 1956ல் ஜப்பானுக்கு வந்த அமெரிக்க வல்லுநர் குழு, ஒரு தொழில் நாட்டுக்கு இத்தனை மோசமான சாலைகளா என்று அதிர்ந்து அறிக்கை எழுதியது. முதல்தரத் தேசிய நெடுஞ்சாலையிலேயே 77 சதவீதம் தார் காணாத மண் ரோடு. கல்லும் சேறுமான அந்த ரோட்டில் லாம்ப்ரெட்டாவின் சின்னச் சக்கரம் குழிக்குள் இறங்கினால் ஏறாது. மொபெட்டுக்கு மேட்டில் மூச்சு வாங்கும். ஐரோப்பாவின் வழவழப்பான சாலைக்குச் செய்ததை இறக்கி விற்றால் ஜப்பானில் நொண்டும்.

ஃபுஜிசவாவின் மனத்தில் ஒரு ஆள் இருந்தான். சொபா நூடுல்ஸ் கடைப் பையன். டோக்கியோவில் வீட்டுக்கு வீடு சாப்பாடு கொண்டுபோகும் பையன்கள், கிண்ணங்கள் அடுக்கிய தட்டுகளை ஒரு தோளுக்கு மேல் ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையால் சைக்கிள் ஓட்டுவார்கள். அந்தப் பையன் ஓட்டக்கூடிய வண்டி வேண்டும். அவன் கையில் ஒன்று எப்போதும் வேலையில் இருக்கும். ஆகவே கிளட்ச் பிடிக்கக் கை கிடையாது. இன்னொரு பக்கம், வீட்டுப் பெண்கள் ஏற்றுக்கொள்ளாத வண்டி வீட்டுக்குள் நுழையாது என்பதும் அவர் எண்ணம். எஞ்சினின் குடல் வெளியே தெரியக் கூடாது, எண்ணெய் தெறிக்கக் கூடாது, பாவாடையோடு ஏறி உட்கார முடிய வேண்டும்.

1957 ஜனவரியில் வேலை தொடங்கியது. விற்கிறவர் விதித்த நிபந்தனைகளுக்கு ஒரு பொறியாளர் தலை கொடுத்தார் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் பெரிய விஷயம். பொதுவாகப் பொறியாளர் தனக்குப் பிடித்ததைச் செய்வார், விற்கிறவர் அதற்கு வார்த்தை தேடுவார். இங்கே தலைகீழ். ஆனால் நிபந்தனை கைக்கு வந்தபிறகு ஹோண்டா அதை நிறைவேற்றிய விதத்தில் கஞ்சத்தனம் துளியும் இல்லை.

எஞ்சினைப் பாருங்கள். 50 சிசி அளவில் அன்றைய ஜப்பானில் எல்லாம் டூ ஸ்ட்ரோக். அதில் பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும், புகையும் கரியும் உண்டு, ஆனால் செய்ய மலிவு. ஹோண்டாவுக்கு அது பிடிக்காது. 1951லேயே அவருடைய ஆட்கள் ஃபோர் ஸ்ட்ரோக் ‘ட்ரீம்’ வண்டியைச் செய்து, ஜூலை மாதப் புயல் மழையில் ஹக்கோனே மலைப்பாதையில் ஏற்றிக் காட்டினார்கள். ஓட்டியவர் கியோஷி கவஷிமா என்ற இளம் பொறியாளர். பின்னால் பியூக் காரில் போன ஹோண்டாவாலும் ஃபுஜிசவாவாலும் அவரை எட்டிப் பிடிக்க முடியவில்லை. அதே ஃபோர் ஸ்ட்ரோக்கை இப்போது 49 சிசிக்குள் அடக்க வேண்டும். பழைய ‘கப்’ கொடுத்தது ஒரு குதிரைத்திறன். புதியதற்கு வைத்த இலக்கு நான்கு. கடைசியில் வந்தது நாலரை, நிமிடத்துக்கு 9,500 சுற்றில். பந்தய எஞ்சின் சுற்றுகிற வேகத்தில் நூடுல்ஸ் கடைப் பையனின் வண்டி!

எஞ்சினை நிமிர்த்தி வைக்காமல் முன்பக்கமாகப் படுக்க வைத்தார்கள். அதனால்தான் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் கால் தூக்காமல் கடந்து ஏறுகிற பள்ளம் கிடைத்தது. டேங்க் சீட்டுக்கு அடியில் போயிற்று. சீட்டைத் தூக்கிப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். செயினை முழுக்க மூடினார்கள்.

கிளட்ச்தான் நாள் தின்றது. தீர்வு இப்படி: எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது கிளட்ச் தானாகப் பிரிந்தே இருக்கும், வண்டி நகராது. முறுக்கினால் உள்ளே சுழலும் எடைகள் வெளிப்பக்கம் விலகித் தட்டுகளை இறுக்கும், வண்டி கிளம்பும். இதுவரை மற்றவர்களும் யோசித்ததுதான். கியர் மாற்றும்போது என்ன செய்வது? இடது காலடியில் முன்னும் பின்னும் மிதிக்கிற ஒரே மிதி. அதை அழுத்தத் தொடங்கியதும் முதலில் கிளட்ச் விலகும். அதே அழுத்தத்தின் மீதியில் கியர் விழும். காலை எடுத்தால் கிளட்ச் திரும்பப் பிடிக்கும். ஒரு மிதியில் இரண்டு வேலை, வரிசை பிசகாமல். இடது கை முழுக்க விடுதலை. திரும்பும் விளக்கின் சுவிட்சைக்கூட வலது பக்கமே வைத்தார்கள். ஓட்டத் தெரியாதவர் ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ளலாம்.

முகப்பில் இரண்டு பக்கமும் கால்களை மறைத்து இறங்கும் அந்த அகலமான லெக் ஷீல்டு, வண்டியின் முகமே அதுதான். தகரத்தில் செய்தால் கனம், துரு. பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் வார்த்தார்கள். மோட்டார் சைக்கிளுக்கு அன்று அது புதுசு. ஜூனோ ஸ்கூட்டர் தோற்றாலும், பிளாஸ்டிக் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் போனது. அந்த ஷீல்டு சேற்றையும் குளிர் காற்றையும் தடுத்தது, எஞ்சினைக் கண்ணில் படாமல் மறைத்தது, காற்றை எஞ்சின் பக்கம் திருப்பியும் விட்டது. உருவம் கொடுத்தவர் ஜோசபுரோ கிமுரா என்ற இளம் வடிவமைப்பாளர். நீல உடம்பு, சிவப்பு சீட்டு.

சக்கரம் 17 அங்குலம் என்று முடிவானது. ஸ்கூட்டரைவிடப் பெரிது, மோட்டார் சைக்கிளைவிடச் சிறிது, மண் ரோட்டுக்குச் சரி. அந்த அளவில் ஜப்பானில் யாரும் டயர் செய்வதில்லை. பெரிய கம்பெனிகள் கைவிரித்தன. சிறிய தயாரிப்பாளர் ஒருவர் ஒப்புக்கொண்டு செய்துகொடுத்தார். கடையில் கிடைக்கிற டயருக்கு ஏற்ப வண்டியைச் சுருக்கியிருந்தால் இந்தக் கதையை இன்று எழுத வேண்டியிருக்காது.

1957 முடியும் தறுவாயில் மாதிரி தயார். ஃபுஜிசவாவைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். எத்தனை விற்கும் என்று ஹோண்டா கேட்டார். 30,000 என்றார் அவர். ஆண்டுக்கா என்று பக்கத்தில் இருந்தவர்கள் கேட்க, இல்லை, மாதத்துக்கு என்றார். அந்த ஆண்டில் ஜப்பானில் எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து செய்த இரு சக்கர வண்டிகளே ஏறக்குறைய நான்கு லட்சம்தான். ஒரே வண்டி அதை எட்டித் தொடும் என்று ஒரு மனிதர் சொல்கிறார்.

1958 ஆகஸ்டில் சூப்பர் கப் சி100 வெளியானது. விலை 55,000 யென். அன்றைய பட்டதாரியின் தொடக்கச் சம்பளத்தைப் போல நான்கு மடங்கு. வாரப் பத்திரிகைகளில் வந்த விளம்பரத்தில் சொபா கடைப் பையனே வந்தான், நன்றாக இருக்கிறேன் என்று ஊரில் இருக்கும் அம்மாவுக்குச் சொல்வதுபோல. மீதி ஐந்து மாதத்தில் 24,000 விற்றது. 1959ல் 1,67,000ஐத் தாண்டியது. மியே மாகாணத்தில் சுஸுகா என்ற இடத்தில், மாதம் 30,000 வண்டி செய்யவென்றே 1,000 கோடி யென் செலவில் ஒரு தொழிற்சாலை 1960ல் திறந்தது. ஃபுஜிசவா சொன்ன எண் கட்டடமாக நின்றது.

அமெரிக்கக் கதை வேறு விதம். 1959 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் கிளை. பொறுப்பாளர் கிஹச்சிரோ கவஷிமா. ஹக்கோனேயில் ஓட்டிய கவஷிமா வேறு, இவர் வேறு. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த காலம். ஜப்பான் நிதி அமைச்சகம் அனுமதித்தது இரண்டரை லட்சம் டாலர், அதிலும் ரொக்கமாக 1,10,000 டாலர்தான். மாதம் 80 டாலர் வாடகையில் ஒரு வீட்டைப் பங்கிட்டுக்கொண்டார்கள், சிலர் தரையில் படுத்தார்கள். கிடங்கில் பெட்டிகளைக் கையாலேயே அடுக்கினார்கள்.

விற்க நினைத்தது பெரிய வண்டிகளை. அமெரிக்கா பெரிய ஊர், பெரிய வண்டிதான் கேட்பார்கள் என்று நம்பினார்கள். ஆனால் ஜப்பானில் யாரும் ஓட்டாத தூரத்தை, ஓட்டாத வேகத்தில் அமெரிக்கர்கள் ஓட்டினார்கள். எண்ணெய் ஒழுகியது, கிளட்ச் தேய்ந்தது. வண்டிகளை ஜப்பானுக்கு அனுப்பிச் சோதித்து, ஹெட் கேஸ்கெட்டையும் கிளட்ச்சையும் மாற்றும்வரை விற்பனை முடங்கியது. அந்த நாட்களில் ஊழியர்கள் சில்லறை வேலைக்கு ஊரைச் சுற்றியது சூப்பர் கப்பில். வழியில் பார்த்தவர்கள் இது என்ன வண்டி, எங்கே கிடைக்கும் என்று நிறுத்திக் கேட்டார்கள். சியர்ஸ் என்ற பெரிய கடைத்தொடரிலிருந்தும் விசாரித்தார்கள். வேறு வழியில்லாமல்தான் சின்ன வண்டியை முன்னால் தள்ளினார்கள். மோட்டார் சைக்கிள் கடைகளைவிட விளையாட்டுச் சாமான் கடைகள் அதை ஆசையாக விற்றன. பைப்பர் விமானக் கம்பெனி ‘கப்’ என்ற பெயரை வைத்திருந்ததால் அங்கே அது ‘ஹோண்டா 50’.

அன்றைய அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் என்றால் தோல் ஜாக்கெட், ரவுடி என்றுதான் ஜனங்களின் எண்ணம். 1963ல் ஹோண்டா ஒரு விளம்பரம் வெளியிட்டது: அம்மாவும் பிள்ளையும், கல்லூரி மாணவி, நாய்க்குட்டியோடு ஒருவர், எல்லோரும் அந்த வண்டியில். ஹோண்டாவில் போகிறவர்கள் எல்லாம் அருமையான மனிதர்கள் என்பது வாசகத்தின் பொருள். அந்த யோசனை கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர் ஒருவர் வகுப்புப் பாடத்துக்கு எழுதியது. கிரே விளம்பர நிறுவனம் அதை ஹோண்டாவுக்குக் கொண்டுபோனது. 1964ல் ஆஸ்கர் விழா ஒளிபரப்புக்கே ஹோண்டா விளம்பரம் கொடுத்தது. பீச் பாய்ஸ் இசைக்குழு அந்த வண்டியைப் பற்றிப் பாட்டே போட்டது.

இந்த வெற்றி எப்படி வந்தது என்று நிர்வாகப் பேராசிரியர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். பிரிட்டனின் மோட்டார் சைக்கிள் தொழில் ஏன் செத்தது என்று கேட்ட பிரிட்டிஷ் அரசுக்கு, 1975ல் பாஸ்டன் ஆலோசனைக் குழு ஒரு அறிக்கை தந்தது. உள்ளூரில் பெருவாரியாகச் செய்து விலையைக் குறைத்து, திட்டம் போட்டு ஹோண்டா நுழைந்தது என்றது அது. ரிச்சர்ட் பாஸ்கேல் என்ற பேராசிரியர் ஹோண்டாவின் பழைய அதிகாரிகளையே சந்தித்துப் பேசிவிட்டு 1984ல் எழுதினார்: திட்டமும் இல்லை ஒன்றும் இல்லை, தட்டுத்தடுமாறி வழி கண்டார்கள். என் கணிப்பில் இருவரும் யானையின் ஆளுக்கொரு காலைப் பிடித்திருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்தது தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயல் தேடிவந்தபோது, கையில் கொடுக்க அப்படி ஒரு வண்டியும், கேட்ட அளவுக்குச் செய்து அனுப்ப சுஸுகாவும் இருந்தனவே. 30,000 என்று சொன்ன மனிதருக்கு அதில் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்?

அந்த வண்டி சம்பாதித்த பணமும் தெம்பும்தான் 1963ல் ஹோண்டாவைக் கார் தொழிலுக்குள் இறக்கின. கார் கம்பெனிகள் போதும், புதியவர்கள் வேண்டாம் என்று வர்த்தகத் தொழில் அமைச்சகம் சட்டம் கொண்டுவர முயன்ற நேரம் அது. அவசரமாக ஒரு சின்ன லாரியும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரும் வெளியாயின. சிவிக், அக்கார்டு எல்லாம் பிறகு வந்தவை.

ஆசியாவில் சூப்பர் கப்புக்கு விளம்பரம் தேவைப்படவில்லை. சைகோன் வீதிகளில் 1960களிலேயே நிறைந்துவிட்டது; வியட்நாமில் இன்றும் எந்தக் கம்பெனி பைக்கையும் ஹோண்டா என்று சொல்கிறவர்கள் உண்டு. மலேசியாவுக்குப் பினாங்கின் லோ பூன் சியூ கொண்டுவந்தார். சீனாவிலிருந்து சிறுவனாக வந்து மெக்கானிக் வேலையில் தொடங்கியவர் அவர். அந்த வகை வண்டிக்கு அங்கே ‘கப்சாய்’ என்று பெயர். அங்குள்ள தமிழர் வீடுகளிலும் அதே பெயர்தான்.

தமிழ்நாட்டில் சூப்பர் கப்பைப் பார்த்தவர்கள் குறைவு. நம் வயல்காட்டு வேலையை டிவிஎஸ் 50 எடுத்துக்கொண்டது. 1997ல் ஹீரோ ஹோண்டா ‘ஸ்ட்ரீட்’ என்ற பெயரில் கப் வகை வண்டியைக் கொண்டுவந்து, ஓடாமல் நிறுத்தியது. ஆனால் எஞ்சின் நம்மிடம் வேறு உடுப்பில் வந்து நிலைத்துவிட்டது. 1985ன் சிடி 100, பிறகு ஸ்பிளெண்டர்: அந்தப் படுத்த 97 சிசி எஞ்சின் கப் வம்சம்தான். ஸ்பிளெண்டரின் பக்கத்தில் குனிந்து பாருங்கள், சிலிண்டர் முன்சக்கரத்தை நோக்கிப் படுத்திருக்கும்.

உறுதிக்குச் சோதனை என்று ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சூப்பர் கப் வகையில் ஒரு சி90யைக் கட்டடத்தின் மேலிருந்து கீழே தள்ளிவிட்டு உதைத்து ஸ்டார்ட் செய்து காட்டினார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு அது வேடிக்கை விளையாட்டாகத்தான் தெரிந்திருக்கும். ஜப்பானில் ஓடித் தேய்ந்த சி50, சி70, சி90 வண்டிகளும், ஜப்பான் தபால்காரர்கள் ஓட்டிய சிவப்பு எம்டி 90 வண்டிகளும் இலங்கைக்குப் பழைய வண்டிகளாக வந்து இறங்கின. 1990ல் மீண்டும் போர் மூண்டு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது பெட்ரோல் காணக் கிடைக்கவில்லை. சனம் சைக்கிளுக்கு மாறியது. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் மண்ணெண்ணெய்க்கு மாறினார்கள். மண்ணெண்ணெயில் எஞ்சின் குளிரில் பற்றாது. ஆகவே சில துளி பெட்ரோலைக் கார்புரேட்டர் பக்கம் விட்டு, உதைத்து, எஞ்சின் பிடித்துச் சூடேறியதும் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவார்கள். வெள்ளைப் புகையும் கண்ணைக் கரிக்கும் மணமுமாக அவை ஓடின. அந்த வண்டிகளுக்கு உதிரிப்பாகம் கிடைப்பதும் பாடு. ஒன்றைக் கழற்றி ஒன்றுக்குப் போட்டுத் தாக்காட்டிய மெக்கானிக்குகளின் கைக்கும் இதில் பாதிப் பெருமை உண்டு. ஹமமட்சுவில் பைன் வேர் எண்ணெயில் ஓடிய முதல் எஞ்சினின் பரம்பரைக்கு அந்தப் பஞ்சம் புதிதல்ல.

2014ல் ஜப்பான் அரசு சூப்பர் கப்பின் முப்பரிமாண உருவத்தையே வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொடுத்தது. வாகனம் ஒன்றின் உருவத்துக்கு அங்கே அது முதல்முறை. 2017 அக்டோபரில் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. எஞ்சின் கொண்ட எந்த வாகனமும், காரோ பைக்கோ, ஒரே பரம்பரையில் அந்த எண்ணிக்கையை எட்டியதில்லை.

50 சிசி வண்டியின் காலம் ஜப்பானில் முடிந்துவிட்டது. புதிய புகை விதிகளை அத்தனை சின்ன எஞ்சினால் கட்டுப்படியாகும் விலையில் சமாளிக்க முடியாது என்று 2025 மே மாதத்தோடு ஹோண்டா அதை நிறுத்தியது. 110 சிசி கப்பும் 125 சிசி கப்பும் தொடர்கின்றன. சின்ன வண்டி உரிமம் வைத்திருக்கும் பெரியவர்களும் கடைக்காரர்களும் என்ன செய்வார்கள் என்ற கேள்வி எழுந்ததால், 2025 ஏப்ரலில் ஜப்பான் சட்டத்தைத் திருத்தியது: 125 சிசி வரையான வண்டியையும் அதே உரிமத்தில் ஓட்டலாம், ஆற்றல் மட்டும் 4 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. ஏறக்குறைய ஐந்தரைக் குதிரைத்திறன். 1958ல் 49 சிசியிலிருந்து ஹோண்டா கறந்தது நாலரை.